சிக்கல் வீட்டு சப்வூஃபர்

நாகலெட்சுமி அக்கா டீயைத் தொடவே இல்ல. டீ ஆடை கட்டிருச்சு. ஒரு ஈ வந்து உக்காந்துச்சு, அதுக்கும் பிடிக்கல போல, எந்திரிச்சுப் போயிருச்சு.

"குடிங்கக்கா. டீ மேல என்ன கோவம்?"

"மஹ்மூது, வாயை மூடு."

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல டீக்கடையில உக்காந்திருந்தோம். அக்காவுக்குக் கோவம் டீ மேல இல்ல, தன் மேலதான். நேத்து ஒரு ஆளைக் கையக் காட்டி 'இவன்தான்'னு சொன்னாங்க. சொன்ன வாய் மூடுறதுக்குள்ள போலீஸ் அவனைத் தூக்கி உள்ள வச்சிருச்சு. இன்னைக்குக் காலையில அவன் பொண்டாட்டி பஞ்சம்மாள் எங்க துப்பறியுற ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுச்சு. சண்டை போடல, மண்ணை வாரித் தூத்தல. "எம் புருசன் செஞ்ச வேலையை ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லிருக்கலாமில்ல"ன்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருச்சு. அதுல இருந்து அக்காவுக்குத் தண்ணி கூட எறங்கல. துப்பறியுறதுல தமிழ்நாட்டுலயே என் அக்காவுக்கு மேல ஆளில்லன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறவன்.

விஷயம் இதுதான். சிக்கல்ல மலையாண்டின்னு ஒரு சம்சாரி, நெலபுலம் உள்ள ஆளு. நடுவுல கொஞ்ச வருசம் துபாய்ல இருந்துட்டு, திரும்பும்போது ஒரு ஹோம் தியேட்டர் கொண்டாந்தாரு. பொடிப்பொடியா அஞ்சு ஸ்பீக்கரு. தம்மு தம்முன்னு அடிக்கிற சத்தத்துக்குன்னு தனியா ஒரு மரப்பொட்டி. அந்தப் பொட்டிக்குப் பேருதான் சப்வூஃபர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பொட்டி தீப்பிடிச்சு, முன்ரூம்பு பாதி எரிஞ்சுபோச்சு. மலையாண்டி மக செவ்வந்திக்கு வர்ற மாசம் கல்யாணம். எடுத்து வச்ச சேலை எரியுதேன்னு உள்ள ஓடுச்சு அந்தப் புள்ள. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. மேல வார்டுல கெடக்கு. உசுருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, தழும்பு போகுமான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல.

அடிக்கடி ரிப்பேராகுதுன்னு அந்தப் பொட்டியைப் பிரிச்சு மாத்திக் கட்டிக் கொடுத்தவன் மெக்கானிக் செல்லச்சாமி, பஞ்சம்மாள் புருசன். மலையாண்டி சம்சாரம் சண்முகவள்ளிதான் எங்களைக் கூப்பிட்டது. "எம் புள்ள கையை இப்படிப் பண்ணது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்"னு ஒரே பேச்சு. நேத்து போலீஸ் ஜீப்புலயே போனோம், கொல்லை வழியா நுழைஞ்சு கொல்லை வழியாவே வந்துட்டோம். பொட்டி உள்பக்கம்தான் அதிகம் எரிஞ்சிருந்துச்சு. உள்ள ஒயரு உருகிக் கெடந்துச்சு. "தீப்பிடிக்கையில பாட்டு ஓடுச்சா?"ன்னு அக்கா கேட்டாங்க. "ஓடுச்சு"ன்னாரு மலையாண்டி. அம்புட்டுத்தான், மெக்கானிக் வேலைதான்னு அக்கா முடிவு கட்டிட்டாங்க. நானும் பலமா மண்டைய ஆட்டினேன்.

போதாக்குறைக்கு செல்லச்சாமியே ஒத்துக்கிட்டான். புள்ளைக்குக் கை வெந்துருச்சுன்னு கேட்டதும், "ஒயரை ஒட்டுன சால்டர் விட்டுருக்கும் சார், என் தப்புத்தான்"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதுட்டான்.

"தப்பை ஒத்துக்கிட்டவனுக்கு நாம வக்கீலாக்கா?"

"அவன் ஒத்துக்கிட்டதுனால நான் பாக்க வேண்டியதைப் பாக்காம விட்டது சரியாயிருமா? சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. ரிமாண்டுல போயிட்டான்னா அப்புறம் எவன் அவன் கடைக்கு வருவான்? வண்டிய எடு."

அரண்மனைக்குப் பக்கத்துச் சந்துல செல்லச்சாமி கடை. போர்டுல 'உலகத்தரம்'னு எழுதியிருந்துச்சு, கதவு தகரம். உள்ள பஞ்சம்மாள் மட்டும் இருந்தாங்க. "வாங்க"ன்னாங்க. உக்காரச் சொல்லல. நாங்களும் எதிர்பாக்கல.

"அந்தப் பொட்டியில உங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சாருன்னு சொல்லுவீங்களா?" அக்கா குரல் ரொம்பத் தாழ்ந்திருந்துச்சு.

"எனக்கு இந்த வேலை தெரியாது. ஆனா வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அவரு பீத்திக்கிறதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிருச்சு." பஞ்சம்மாள் மேஜை மேல இருந்த ஒரு தகரப் பொட்டியைத் தட்டுனாங்க. "கம்பெனிக்காரன் என்ன பண்றான், கரண்டு ஓடுற போர்டையும் ஸ்பீக்கர் பொட்டிக்குள்ளயே வச்சு மூடிர்றான். உள்ள காத்து கெடையாது, வெந்துபோகும். ஸ்பீக்கரு அடிக்கிற அடியில போர்டு வேற ஆடும். நம்மூரு உப்புக்காத்தும் சேந்தா நாலு மாசம் தாங்காது. மலையாண்டி அண்ணன் தூக்கிட்டு வர்றதும் போறதுமா இருந்தாரு. கடைசியா வந்தப்ப இவரு சொன்னாரு, 'இனிமே ரிப்பேர் பாக்க மாட்டேன், ஆயுசுக்கும் நிக்கிற மாதிரி மாத்திக் கட்டுறேன்'னு."

"எப்படி மாத்துனாரு?"

"போர்டைக் கழட்டி வெளிய, இந்த மாதிரித் தகரப் பொட்டியில வச்சாரு. ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன். ஊதிப்போன கப்பாசிட்டரைத் தூக்கிப் போட்டுட்டு சூடு தாங்குறதா மாத்துனாரு. கம்பெனிக்காரன் பழுப்பா ஒரு பசை அப்பியிருப்பான், அது நாள்பட்டா கெட்டு, கரண்டைக் கடத்துமாம். அதைச் சொரண்டி எடுத்தாரு. புதுசா ஒரு பியூஸு. போர்டு இருந்த எடத்தைப் பலகை வச்சு அடைச்சாரு."

"அப்ப மரப்பொட்டிக்குள்ள மிச்சம் என்ன இருக்கும்?"

"ஸ்பீக்கரு, ரெண்டு ஒயரு, சுத்திப் பஞ்சு. அந்த ஒயருலயும் பாட்டு ஓடுனாத்தான் எதுவும் வரும். இல்லாட்டி செத்த பொட்டி."

அக்கா நெத்தியைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க. அக்கா யோசிக்கிறப்ப எனக்கு அங்க வேலை கெடையாது. வாசல்படிக்கு வந்து ஒரு சிகரெட்டைப் பத்த வச்சேன். ரெண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன். சந்து முக்குல வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட சாரம், ஒரு பழைய மொபெட்.

வாப்பா!

எனக்கு உசுரே இல்ல. கீழ போட்டு மிதிக்க நேரமில்ல, புகை தெரிஞ்சிரும். வாசலோரமா ரிப்பேருக்கு வந்த சப்வூஃபர் பொட்டி ஒண்ணு நின்னுச்சு. அதுக்குப் பக்கவாட்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை, தம்மு சத்தம் வெளிய வரக் கம்பெனியே விட்டது. கை தானா போயிருச்சு. சிகரெட் உள்ள விழுந்துருச்சு, நான் கையைக் கட்டிக்கிட்டு நல்ல புள்ளையா நின்னேன்.

மொபெட் என்னைத் தாண்டிப் போச்சு. பாத்தா, அது வாப்பாவே இல்ல. எவரோ ஒரு பெரியவரு.

"அய்யோ, பொட்டி புகையுது!" பஞ்சம்மாள் குடத்தோட ஓடி வந்தாங்க. ஓட்டைக்குள்ள தண்ணியை ஊத்திட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க, தலைமறைவாயிரலாம்னு இருந்துச்சு. "ஏந்தம்பி, இந்தக் கடையில இருந்து ஒரு ஆளு உள்ள போனது பத்தாதா?"

"மன்னிச்சிருங்கக்கா. வாப்பான்னு நெனச்சு..."

நாகலெட்சுமி அக்கா எந்திரிச்சு வந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல.

"மஹ்மூது, உனக்கு வயசு என்ன?"

"முப்பத்தி நாலு. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். இதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

"நீ சிகரெட் குடிக்கிறது உங்க வாப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அதுக்காக அவரு மொகத்துக்கு முன்னால நின்னு ஊத முடியுமா? நான் என்ன மனுசனா மாடா?"

அக்கா அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நனைஞ்ச பஞ்சுல இருந்து இன்னும் கொஞ்சம் புகை வந்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா மொகம் வெளுத்துப் போச்சு.

"கரண்டு இல்லாமலும் இந்தப் பொட்டி எரியும். நான் நேத்து அதை யோசிக்கவே இல்லையே, பாவி. கெளம்பு, சிக்கலுக்குப் போவோம். இன்னைக்குத் தெரு வழியா."

வெயில் மண்டையப் பொளந்துச்சு. வழி பூராவும் கருவேலங்காடு, நிழலுக்கு ஒண்ணுமில்ல. அக்கா பின்னால உக்காந்து நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே வந்தாங்க. நான் ரெண்டு ஜோக்கு சொல்லிப் பாத்தேன், ரெண்டும் காத்துல போச்சு.

மலையாண்டி தெருவுல நுழைஞ்சதும் அக்கா என் முதுகைத் தட்டி நிறுத்துனாங்க. மலையாண்டி வீட்டுக்கு நேர் எதுத்த வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ புதுசா மொட்டை போட்ட ஆளு ஒருத்தர் துண்டைப் போத்தி உக்காந்திருந்தாரு. பக்கத்து வீட்டுல மொளகாய் காயப்போட்டுக்கிட்டிருந்த அம்மாகிட்ட அக்கா போனாங்க. அந்தம்மா பேரு சோணையம்மாள்னு அப்புறம் தெரிஞ்சுச்சு.

"இங்கன என்னைக்குக் கேதம்?"

"செவ்வாக்கெழமை விடிய. மதியம் தாண்டித்தான் சுடுகாட்டுக்கு எடுத்தாக. அன்னைக்குச் சாயங்காலமே எதுத்த வீட்டுல தீ. தெருவுக்கே நேரம் சரியில்ல."

"சாயங்காலம் மலையாண்டி வீட்டுல பாட்டு ஓடுச்சாமே?"

சோணையம்மாள் மொளகாயை அப்படியே போட்டுட்டு நிமிந்தாங்க. "யாரு சொன்னா? கேத வீட்டுக்கு எதுக்க எவனாச்சும் பாட்டுப் போடுவானா? ரெண்டு நாளா இந்தத் தெருவுல ஒரு டிவி சத்தம் கெடையாது. மலையாண்டி அப்படிப்பட்ட ஆளு இல்லத்தா. பொணம் எடுக்கிற வரைக்கும் பந்தல்ல நின்னு எல்லா வேலையும் பாத்தது அவருதான்."

அக்கா என் பக்கம் திரும்புனாங்க. "பொட்டி பாடல, மஹ்மூது."

"அப்ப மலையாண்டி ஏன் பாடுச்சுன்னாரு?"

"வா, கேப்போம்."

வீட்டுக்குள்ள இன்னும் கரி வாடை. மலையாண்டி கட்டில்ல உக்காந்திருந்தாரு. ரெண்டு நாளா தூங்காத கண்ணு. அவரோட அய்யா பூமிநாதன் சுவரோரமா சாஞ்சு இருமிக்கிட்டு இருந்தாரு. சண்முகவள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சோத்துக் கேரியரைக் கட்டிக்கிட்டு நின்னாங்க.

"இன்னும் என்னங்க வேணும்? அதான் ஆளைப் புடிச்சாச்சே" மலையாண்டி தரையைப் பாத்துச் சொன்னாரு.

அக்கா நேரா பின்பக்கம் போனாங்க. எரிஞ்ச பொட்டி கொல்லையில கெடந்துச்சு. அதைத் தூக்கிட்டு வந்து, பழைய எடத்துலயே வைக்கச் சொன்னாங்க. பக்கத்துல அந்தப் பெரிய நாற்காலி, மேல துணி எரிஞ்சு சட்டம் மட்டும் நின்னுச்சு. "உக்காரு மஹ்மூது"ன்னாங்க. உக்காந்தேன், கரி ஒட்டுமேன்னு பயந்து பயந்துதான். கையைத் தொங்கப் போட்டேன். விரல் நேரா அந்த வட்ட ஓட்டையில போயி நின்னுச்சு.

"இப்பக் கவுத்து."

கவுத்துக் குலுக்குனோம். கரிஞ்ச பஞ்சு விழுந்துச்சு. தண்ணி ஊத்தி அணைச்சதுல ஒரு மூலையில பஞ்சு எரியாம நனைஞ்சே கெடந்துச்சு. அதைப் பிச்சு எடுத்தேன். உள்ள இருந்து பொல பொலன்னு உதிந்துச்சு. எல்லாம் சிகரெட் அடிக்கட்டை, பஞ்சு வச்ச பில்டர் சிகரெட்.

"அடேங்கப்பா, இது பொட்டி இல்லக்கா, பெட்டிக்கடை" என்னால வாயை அடக்க முடியல.

சண்முகவள்ளி கேரியரைக் கீழ வச்சாங்க. மலையாண்டி எந்திரிச்சாரு, திரும்ப உக்காந்துட்டாரு. தோளு குலுங்க ஆரம்பிச்சிருச்சு.

"காட்டுக்குப் போயிட்டு வந்து குளிச்சேன். மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. இந்த நாற்காலியில உக்காந்து ஒண்ணு பத்த வச்சேன். அய்யா இருமுற சத்தம் வாசல்ல கேட்டுச்சு. உள்ள போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். எப்பவும் போடுறதுதான், எப்பவும் தானா அணைஞ்சிரும். உள்ள கரண்டு இருக்கான்னு செல்லச்சாமிகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். 'பயப்படாதீகண்ணே, வெறும் பஞ்சுதான்'னான்." மொகத்தைப் பொத்திக்கிட்டாரு. "எம் புள்ள கையை நானே பொசுக்கிட்டேன். அய்யா முன்னால இதைச் சொல்ல வெக்கப்பட்டு, பாட்டு ஓடுச்சுன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். செல்லச்சாமியைக் கூட்டிட்டுப் போறப்பவும் வாயைத் தொறக்கல. நான்லாம் ஒரு மனுசனா?"

வழக்கு முடிஞ்சுதுன்னு நான் கையைத் தட்டி எந்திரிச்சேன். அக்கா எந்திரிக்கல. உதிந்ததைக் குச்சியால கிளறிக்கிட்டே இருந்தாங்க.

"மஹ்மூது, இந்த விஷயத்துல நீதானே பெரிய படிப்பு படிச்சவன். இது என்ன?"

குனிஞ்சு பாத்தேன். எலை சுத்துன துண்டு, நுனியில நூலு கட்டியிருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துக்கு மேல.

"இது பீடிக்கா."

"மலையாண்டி, நீங்க பீடி குடிப்பீங்களா?"

"இல்லையே" அவரு தலையத் தூக்கிப் பாத்தாரு.

ரூம்புல இருமல் சத்தம் நின்னுபோயிருந்துச்சு. சுவரோரமா இருந்த பூமிநாதன் மெதுவா எந்திரிச்சாரு. கைத்தாங்கலுக்கு மலையாண்டி போனாரு, அவரு தட்டிவிட்டுட்டாரு.

"ஏலே, நீ இல்லடா. நான்."

"அய்யா..."

"பேசாம இருலே. நெஞ்சு கெட்டுப்போச்சு, பீடியைத் தொட்டாச் சாவுதான்னு டாக்டர் சொன்னப்ப, இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணேன். யாரு மேல? செவ்வந்தி தலையில கையை வச்சு. ரெண்டு மாசம் கூட நிக்கல. அன்னைக்கு நான் வந்து உக்காந்தப்ப நாற்காலி சூடாத்தான் இருந்துச்சு. ஒரு பீடி பத்த வச்சேன். சண்முகவள்ளி வளையல் சத்தம் கேட்டுச்சு. பொட்டிக்குள்ள போட்டேன்." அவரு எரிஞ்ச பொட்டியைக் காட்டுனாரு. "அவ தலையில வச்ச சத்தியம், அவ கையில வந்து விழுந்துருச்சுத்தா. ஊருல எவன் செயிலுக்குப் போனாலும் போகட்டும், அந்தப் புள்ளைக்கு இது தெரியக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். நான் செத்துப்போயிருக்கலாம்."

மலையாண்டி அப்படியே தரையில விழுந்தாரு.

மகன் அப்பன் காலைப் புடிச்சுக்கிட்டு, "நான்தான்யா போட்டது, என்னுதுதான் பத்துச்சு"ங்கிறாரு. அப்பன் மகன் தலையைத் தள்ளிவிட்டு, "எனக்குத் தெரியும்லே, என் பீடிதான்"ங்கிறாரு. பழியை அடுத்தவன் மேல போடுறவங்களைத்தான் இத்தனை வருசமா பாத்திருக்கேன். பழிக்கு இப்படி அடிச்சுக்கிட்டதை அன்னைக்குத்தான் பாத்தேன்.

"அக்கா, யாரோட நெருப்பு இது?"

"தெரியாது. எந்த நிபுணன் வந்தாலும் சொல்ல முடியாது. செல்லச்சாமியோடது இல்ல. அது போதும் எனக்கு."

சண்முகவள்ளி அதுவரைக்கும் நின்ன எடத்துல நின்னாங்க. கண்ணுல தண்ணி இல்ல, நெருப்புதான் இருந்துச்சு. "ரெண்டு பேரும் குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? துணி தொவைக்கிறது நானு. மாமனாரு மருவாதைக்குப் பேசாம இருந்தேன், புருசன் மருவாதைக்குப் பேசாம இருந்தேன். அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா எம் புள்ள கை நல்லா இருந்திருக்கும்." குரல் ஒடைஞ்சு போச்சு, உடனே சரி பண்ணிக்கிட்டாங்க. "மாமா, துண்டை எடுங்க. நீங்களும் சட்டையப் போடுங்க. மொதல்ல ஸ்டேஷன். அப்புறம் ஆஸ்பத்திரி. அவகிட்ட நீங்க ரெண்டு பேருந்தான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

நாங்க சிக்கல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேந்தப்ப ஜீப்பு கெளம்பத் தயாரா நின்னுச்சு. செல்லச்சாமி பின்னால ஏறி உக்காந்துட்டான். பஞ்சம்மாள் டவுன்ல இருந்து பஸ்ஸைப் புடிச்சு வந்து, ஜீப்புக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

இன்ஸ்பெக்டர் மருதுபாண்டி எல்லாத்தையும் கேட்டாரு. அப்பனையும் மகனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "நாப்பத்தஞ்சு வயசு ஆளு அப்பனுக்கு ஒளிஞ்சு குடிச்சதுக்கு நான் ஒருத்தனை ராத்திரி பூரா உள்ள வச்சிருந்தேனா?"ன்னாரு. தொப்பியைக் கழட்டி மேஜையில வச்சுட்டு, "எறக்கி விடுங்கய்யா அவனை"ன்னாரு.

செல்லச்சாமி எறங்கி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சந்தோசப்படுவான்னு பாத்தா, "ஓட்டையில ஒரு கம்பி வலை அடிச்சிருக்கணும் சார், அடிக்கணும்னு நெனச்சேன், விட்டுட்டேன், அந்தப் புள்ள கை..."ன்னு மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.

"யப்பா சாமி, எறங்கு. இங்க தப்பை எடுத்துக்க ஏற்கெனவே கியூ நிக்குது"ன்னு நான் அவன் தோளைப் புடிச்சு இந்தப் பக்கம் இழுத்தேன்.

நாகலெட்சுமி அக்கா பஞ்சம்மாள்கிட்டப் போனாங்க. கையைப் புடிச்சாங்க. காதோரமா குனிஞ்சு, "நான் அவசரப்பட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிரும்மா"ன்னாங்க. அக்கா கண்ணு கலங்கிப்போயிருந்துச்சு. அவங்க அழுது நான் பாத்ததே இல்ல.

பஞ்சம்மாள் கையை உருவிக்கிட்டாங்க. கோவமா இல்ல, நிதானமாத்தான்.

"நேத்து இதே வாசல்ல நின்னு, 'மெக்கானிக் செல்லச்சாமிதான் காரணம்'னு நீங்க சொன்னது அங்கன பஸ்ஸுக்கு நின்ன சனத்துக்கெல்லாம் கேட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கடையில ரிப்பேருக்குக் கொடுத்த மூணு பேரு வந்து சாமானைத் தூக்கிட்டுப் போயிட்டாக. இப்ப மன்னிப்பு மட்டும் என் காதுக்குள்ளயா?"

அக்கா தலையை ஆட்டுனாங்க. அப்புறம் ஸ்டேஷன் படியில ஏறி, பஸ் ஸ்டாப்பு பக்கம் திரும்பி நின்னாங்க. அங்கன நின்ன ஆளுக, மொச்சைச்சுண்டல் விக்கிற பொம்பளை, ரெண்டு போலீஸு எல்லாரும் பாத்தாங்க.

"நேத்து நான் சொன்னது தப்பு! செல்லச்சாமி செஞ்ச வேலையில ஒரு குத்தமும் இல்ல! பாக்காமச் சொன்னது நான்! குத்தம் என்னுது!"

தொண்டை கிழியக் கத்துனாங்க. கத்தி முடிச்சுட்டு பஞ்சம்மாளைத் திரும்பிப் பாத்தாங்க.

பஞ்சம்மாள் முந்தானையால மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, புருசன் கையைப் புடிச்சு அக்காவுக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்துனாங்க.

"கடைசியில நிக்கிறவருக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அக்கா சொன்னாங்க.